தேசங்கள் கூடி அளந்த பூமி

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரையில் நீண்டு கிடக்கும் கடற்கரை, நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் இருக்கும். மாமல்லபுரம் அதன் நடுவிடத்தைக் கடந்து சற்றே தெற்கில் அமைந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இச்சிறு கரையின்மேல் ஐரோப்பிய தேசத்தார் மூவர் கண் வைத்திருந்தனர். சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டை கட்டியிருந்தனர். கோவளத்துக் கோட்டை சில காலம் பிரெஞ்சுக்காரர் கையிலிருந்து, 1752 ஆம் ஆண்டில் கிளைவினிடம் வீழ்ந்தது. ஆங்கிலேயர் வடக்கே சென்னைக் கோட்டையில் இருந்தனர். மூவர் கப்பல்களும் மாமல்லபுரத்துக் கற்கோயிலைக் கடலினின்று கண்டே கடந்து சென்றன. 'ஏழு கோயில்' என்று ஐரோப்பியர் இவ்வூரை வழங்கிய பெயர் மாலுமிகளின் வாய்மொழியே.

ஒரே கரையைக் கண்ட மூவரும் ஒரே கணக்கில் அதனை அளந்தாரல்லர். பூமியின் சுற்றளவில் ஒரு பாகைக்கு 15 மைல் என்பது டச்சு மாலுமியின் கணக்கு. பிரெஞ்சு மாலுமி அதே பாகையை 20 லீக்காகப் பகுத்தான். ஆங்கில மாலுமி 60 கடல்மைலாகப் பகுத்தான். நம் முன்னோர் வழங்கிய காதமோ ஊருக்கு ஊர் வேறுபட்டது. அதனைப் பேசாதிருத்தலே நலம். மூன்று கணக்குக்கும் அடிப்படை பாகை ஒன்றே எனினும், அந்தப் பாகையின் நீளம் உண்மையில் எவ்வளவு என்பதை மூவரில் ஒருவரும் திண்ணமாக அறியார்.

இங்கேதான் பூகோள சாஸ்திரம் பிற சாஸ்திரங்களினின்று வேறுபடுகிறது. ஒரு தாவரத்தின் இயல்பை ஒரு தோட்டத்தில் இருந்துகொண்டே ஆராயலாம். பூமியின் வடிவை ஒரு தேசத்தில் இருந்துகொண்டு ஆராய முடியாது. பூமி சீரான உருண்டையாயின் எவ்விடத்தும் பாகையின் நீளம் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். துருவங்களில் தட்டையாயின் துருவத்தை அணுக அணுகப் பாகை நீளுதல் வேண்டும். இதனைத் தெளிவிக்கவே பிரெஞ்சு அறிஞர் 1735 இல் தென் அமெரிக்காவின் பெரு நாட்டுக்கும், 1736 இல் வடகோடியிலுள்ள லாப்லாந்துக்கும் சென்று அளந்தனர். லாப்லாந்தில் அளந்த பாகை நீண்டிருந்தது. முன்னது ஸ்பெயின் மன்னருடைய ஆட்சியில் இருந்த நிலம். பின்னது ஸ்வீடன் மன்னருடைய ஆட்சியில் இருந்தது. அயலார் இசைவின்றி இவ்விரண்டில் எதுவும் நடந்திராது. ஆகவே தேசங்களின் கூட்டுறவு என்பது இச்சாஸ்திரத்துக்கு விருந்துபசாரம் போன்றதொரு மரியாதையன்று. அஃதின்றி இச்சாஸ்திரமே இல்லை.

இதற்குச் சான்று தேடி நாம் ஐரோப்பாவுக்குச் செல்ல வேண்டுவதில்லை. பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த பரங்கிமலையின் அடிவாரம் போதும். 1802 ஆம் ஆண்டு ஏப்ரல் 10 ஆம் நாள், வில்லியம் லாம்டன் என்னும் படைத்தலைவர் அவ்விடத்திலிருந்து பெரும்பாக்கத்துக் குன்றை நோக்கி ஓர் அடிக்கோடு அளக்கத் தொடங்கினார். கோட்டின் நீளம் ஏழரை மைல். கருவி, நூறு அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி ஒன்று. சித்திரை வெயிலில் எஃகு நீளும். காலைக் குளிர்ச்சியில் சுருங்கும். ஆதலின் சங்கிலியைத் தரையிலே கிடத்தாமல், முக்காலிகளின்மேல் வைத்த மரத்தொட்டிகளில் இட்டு, ஒருமுனையில் பாரம் தொங்கவிட்டு இறுக்கி, பக்கத்தே வெப்பமானிகளை வைத்து, ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டு திருத்தம் செய்தனர். இவ்வாறு நானூறு முறை சங்கிலியை மாற்றி மாற்றி வைத்து, மே மாதம் 22 ஆம் நாள் வேலை முடிந்தது. நாற்பதினாயிரம் அடிக்கு ஆறு வாரம்!

அந்தச் சங்கிலியின் வரலாறும் சுவையுடையது. அது சீனச் சக்கரவர்த்திக்குப் பரிசாக மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு எடுத்துச் சென்ற பொருள்களில் ஒன்று. சக்கரவர்த்தி வேண்டாமென்று விட்டார். தூதுக்குழுவைச் சேர்ந்த விஞ்ஞானி ஒருவர் கையில் கல்கத்தா வந்து, அங்கிருந்து விலைக்கு லாம்டனிடம் சேர்ந்தது. பேரரசர் ஒருவர் புறக்கணித்த இரும்பு, பரங்கிமலை அடிவாரத்தில் பூமியின் வடிவைச் சொல்லப் பயன்பட்டது.

கோணங்களை அளப்பதற்கு இங்கிலாந்திலிருந்து வரவேண்டிய பெரிய தியோடலைட்டின் கதை இன்னும் நம் பொருளுக்கு நெருங்கியது. அரை டன் நிறையுடைய அக்கருவியை ஏற்றிவந்த கப்பலைப் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வழியிலே பிடித்து, மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டு சென்றது. இரண்டு தேசத்துக்கும் பகைமை முற்றியிருந்த காலம் அது. ஆயினும் பெட்டியில் இருப்பது இன்னதென்று அறிந்த அத்தீவின் பிரெஞ்சுக் கவர்னர், மரியாதைக் கடிதம் ஒன்றையும் சேர்த்து அக்கருவியைச் சென்னைக் கவர்னருக்கு அனுப்பிவைத்தார் என்று இந்திய நில அளவைத் துறையின் வரலாறு கூறுகின்றது. பிரெஞ்சுக்காரருக்கு இதில் வெறும் பெருந்தன்மை மாத்திரம் இருந்ததென்று யான் கருதவில்லை. அவர்களே 1792 முதல் டன்கர்க்கிலிருந்து ஸ்பெயினிலுள்ள பார்சிலோனா வரையில் ஒரு நீண்ட கோட்டை அளந்து, அதிலிருந்து மீட்டர் என்னும் அளவைப் பிறப்பித்தவர்கள். தம் அளவு சரியா என்று சோதிக்க, பூமத்திய ரேகைக்கு அண்மையில் வேறொருவர் அளந்த கோடு அவர்களுக்கும் வேண்டியிருந்தது.

லாம்டன் தாம் கண்ட முடிவைச் சோழமண்டலக் கரையில் 12 பாகை 32 கலை அட்சத்துக்குரிய பாகையின் நீளமென்று அறிவித்தார். ஒரு பாகையில் அறுபதில் ஒரு கூறு கலை எனப்படும். படத்தை எடுத்து அந்த அட்சரேகையைத் தேடும் மாணவர், அது மதுராந்தகத்தை அடுத்த கருங்குழியின் வழியாகச் செல்வதைக் காண்பர். அக்கருங்குழியே அவர் கோணம் அளந்த நிலையங்களில் ஒன்று. நீளம், இக்கால அளவில் சொன்னால், ஏறத்தாழ 110.6 கிலோமீட்டர், இன்று செயற்கைக்கோள்களால் கண்ட முடிவும் அதுவே. நம் ஜில்லாவின் பாகை பெருவின் பாகையோடும், பிரான்சின் பாகையோடும், லாப்லாந்தின் பாகையோடும் ஒரே அட்டவணையில் ஏறியது. வாட்டர்லூப் போர் 1815 இல் நிகழ்ந்தது. அதற்கு இரண்டே ஆண்டு கழிந்த 1817 இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தார் இந்த ஆங்கிலேயப் படைத்தலைவரைத் தம் தொடர்பு உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தனர். அடிக்கோட்டைச் சமன் செய்தும், சங்கிலியைச் சுமந்தும், கொடி பிடித்து மலையேறியும் உழைத்த தமிழ்ப் பணியாளர் பெயர்களை ஒரு கழகமும் தேர்ந்தெடுக்கவில்லை. அவை அட்டவணையில் இல்லை.

ஐரோப்பாவில் பூகோள சங்கங்கள் தோன்றியது இதன் பின்னரே. பாரிஸில் 1821 இலும், பெர்லினில் 1828 இலும், லண்டனில் 1830 இலும், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் 1845 இலும் அவை நிறுவப்பெற்றன. இச்சங்கங்கள் அறிவை வளர்த்தன என்பதில் ஐயமில்லை. தத்தம் அரசாங்கத்துக்குப் புதுநிலம் தேடிக் கொடுத்தன என்பதையும் மறைக்கலாகாது. ஆப்பிரிக்காவில் ஓர் ஆற்றின் தலையைக் கண்டவன் எத்தேசத்தான் என்பதற்காக அவை வழக்காடிய வழக்குகள் பல. ஆயினும் பிரான்சும் ஜெர்மனியும் பொருத போர் முடிந்த அதே 1871 ஆம் ஆண்டில், பெல்ஜியத்திலுள்ள ஆண்ட்வெர்ப் நகரத்தில் முதலாவது சர்வதேச பூகோள மகாநாடு கூடியது. பின்னர் 1875 இல் பாரிஸிலும், 1881 இல் வெனிஸிலும் கூடியது.

கூடியவர்க்கு முதலில் எதிர்ப்பட்ட இடர், தீர்க்கரேகையை எங்கிருந்து எண்ணுவது என்பது. அட்சரேகைக்குப் பூமத்திய ரேகை இயற்கையாகவே தொடக்கமாகும். தீர்க்கரேகைக்கு அவ்வாறு ஒன்றில்லை. ஒவ்வொரு தேசமும் தன் தலைநகரத்து வானியல் ஆய்வகத்தையே உலகத்தின் தொடக்கமாகக் கொண்டிருந்தது. வாஷிங்டனில் 1884 இல் 25 தேசங்களின் பிரதிநிதிகள் கூடி, 22 வாக்குகளால் கிரீனிச்சைத் தெரிந்தெடுத்தனர். பிரான்ஸ் அன்று வாக்களிக்காதிருந்தது. 1911 இலேதான் வழிக்கு வந்தது.

இது நமக்கு எட்டாத சச்சரவன்று. சென்னையில் 1792 இல் நிலைபெற்ற வானியல் ஆய்வகத்தின் தீர்க்கரேகையே இந்திய நில அளவைப் படங்கள் அனைத்துக்கும் ஆதாரமாயிருந்தது. அதனைக் கணித்தவர்களுள் முதல்வரான ஜான் கோல்டிங்காம் என்பவரே மாமல்லபுரத்துச் சிற்பங்களைப்பற்றி 1798 இல் வெளிவந்த கட்டுரையொன்றை எழுதியவர் என்பது இடையே சொல்லத்தக்கது. இரவில் வியாழனின் துணைக்கோள்களை நோக்கிய கண்கள் பகலில் பல்லவர் கல்லை நோக்கின. கோள்களைக் கொண்டு கண்ட நேரக்கணக்கில் நான்கு விநாடி பிசகினால், நம் அட்சத்தில் ஒரு கலை, அதாவது 1.8 கிலோமீட்டர் பிசகும். கடலடித் தந்திக்கம்பி வந்தபின் 1870களில் கிரீனிச்சுக்கும் இந்தியாவுக்கும் இடையே சூயஸ், ஏடன் முதலிய நிலையங்கள் வழியாக நேரத்தை ஒப்பிட்டபோது, பழைய கணக்கில் சில கலைகள் மிகுந்திருந்தமை புலப்பட்டது. ஒரு முனையில் எத்துணை வல்லவர் இருந்தும் பயனில்லை. இருமுனையிலும் ஒரே முறையில் நோக்குவார் இருந்தாலன்றோ நேரத்தை ஒத்திடலாம்? பழைய தகடுகளில் அச்சான படங்களோ, 'தீர்க்கரேகையில் இத்தனை கலை கழித்துக்கொள்க' என்னும் குறிப்போடு நெடுங்காலம் வழங்கின.

கூட்டுறவு தோற்ற கதையையும் சொல்ல வேண்டும். ஜெர்மானியப் பேராசிரியர் ஆல்பிரெக்ட் பெங்க் என்பவர், 1891 இல் பெர்ன் நகரத்து மகாநாட்டில், உலகமுழுவதையும் பத்துலட்சத்தில் ஒன்று என்னும் ஒரே அளவில், ஒரே வர்ணமுறையில், ஒரே மீட்டர்க் கணக்கில் வரைய வேண்டுமென்று கூறினார். அவ்வளவின்படி கோவளம்–சதுரங்கப்பட்டினக் கரை மூன்று சென்டிமீட்டருள் அடங்கும். 1909 இல் லண்டனிலும் 1913 இல் பாரிஸிலும் விதிகள் வகுக்கப்பட்டன. நான்கு பாகை அட்சமும் ஆறு பாகை தீர்க்கமும் ஒரு தாளுக்கு எல்லை. மாமல்லபுரம் என்.டி. 44 என்னும் தாளில் விழுகின்றது. புதுச்சேரி அதற்குத் தெற்கே என்.சி. 44 என்னும் அடுத்த தாளுக்குப் போய்விடுகின்றது. ஆங்கில ஆட்சி, பிரெஞ்சு ஆட்சி என்னும் எல்லையை அத்தாள்கள் பொருட்படுத்தவில்லை. பன்னிரண்டாம் பாகையே எல்லை. 1914 இல் மகாயுத்தம் மூண்டது. யுத்தம் முடிந்தபின் 1919 இல் வெற்றிபெற்றோர் அமைத்த சர்வதேச ஆராய்ச்சி மன்றம் ஜெர்மானியரை வாயிலிலேயே நிறுத்திற்று. அம்மன்றத்தின் கீழ் 1922 இல் பிரஸ்ஸல்ஸில் சர்வதேச பூகோள ஒன்றியம் தோன்றியபோது, உலகப்படத்தை நினைத்துச் சொன்னவருடைய தேசத்துக்கே அதில் இடமில்லை. அத்தடை 1926 இல் நீங்கியது. படமோ என்றும் முற்றுப்பெறவில்லை. 1953 இல் ஐக்கிய நாடுகள் சபையின் பொறுப்புக்கு வந்து, சில பத்தாண்டுகளுக்குள் கைவிடப்பட்டது.

1994 இல் ஐரோப்பிய தேசங்களின் பூகோள சங்கங்கள் கூடி, 'யூஜியோ' என்னும் சங்கங்களின் சங்கத்தை ரோமாபுரியில் நிறுவின. அதன் முதல் மகாநாடு 2007 இல் ஆம்ஸ்டர்டாமில் நடந்தது. இதில் எனக்கு நன்றாகத் தோன்றுவது ஒன்றுண்டு. எச்சங்கமும் தன் பெயரையோ, பத்திரிகையையோ, மொழியையோ விட்டுக்கொடுக்கவில்லை. தம் இளமாணாக்கரை ஒரே மகாநாட்டுக்கு அனுப்புவதும், பள்ளியில் பூகோள பாடத்துக்குரிய இடத்தைக் காக்க ஒரே குரலில் பேசுவதும் அவர்க்குப் போதுமானவையாயின. பெரிய படம் வரைவோமென்று தொடங்கியவர் தளர்ந்த இடத்தில், சிறிய இசைவு நிலைத்து நிற்கின்றது.

நம் பக்கம் வருவோம். சென்னை பூகோள சங்கம் 1926 இல் தோன்றியது. சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியைச் சேர்ந்தவரும் அதன் செயலாளருமான என். சுப்பிரமணியம் முதலியோர் ஆண்டுதோறும் மகாநாடு கூட்டி, கோடைவிடுமுறையில் பள்ளி ஆசிரியர்க்கு வகுப்பு நடத்தி, பத்திரிகையும் வெளியிட்டனர். 1941 இல் அது இந்திய பூகோள சங்கம் என்று பெயர் மாறிற்று. கல்கத்தாவில் 1933 இலும் காசியில் 1946 இலும் வேறு சங்கங்கள் தோன்றின. ஐரோப்பாவைப் போலவே இங்கும் தலைநகர்தோறும் ஒரு சங்கம், சங்கந்தோறும் ஒரு பத்திரிகை. 1968 இல் சர்வதேச பூகோள மகாநாடு புதுடில்லியில் கூடியபோது, ஒன்றியத்தின் தலைவராக இருந்தவர் கல்கத்தாவின் எஸ். பி. சாட்டர்ஜி, மேகாலயம் என்னும் பெயரைப் புனைந்தவர் என்று சொல்லப்படுபவரும் அவரே. உலகத்தாரை அழைத்து உபசரித்த நாம், ஒருவர் பத்திரிகையை மற்றொருவர் படிப்பதில் அத்துணை ஆர்வம் காட்டினோமா என்பது வேறு கேள்வி.

இனி மாமல்லபுரத்துக் கடலுக்குள் சற்றே செல்வோம். 2002 ஏப்ரலில் இங்கிலாந்தின் விஞ்ஞான ஆராய்ச்சிப் பயணச் சங்கத்தாரும், கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தாரும் ஒன்றாக இங்கே கடலில் மூழ்கி ஆராய்ந்தனர். கரைக்கோயிலுக்குக் கிழக்கே 500 முதல் 700 மீட்டர் தொலைவில், ஐந்து முதல் எட்டு மீட்டர் ஆழத்தில், கட்டடக் கற்களும் சுவர்ப் பகுதிகளும் கிடக்கக் கண்டனர். மூழ்கிய மாநகரம் என்று உலகப் பத்திரிகைகள் முழங்கின. கடலியல் நிறுவனத்து அறிஞர் அடக்கமாகவே எழுதினர்: அவை பல்லவர் காலத்தனவாதல் கூடும், கரை அரிப்பால் கடலுட் சென்றிருக்கலாம் என்பதே அவர் கருத்து. ஒரே கல்லை இருவர் கூடிப் பார்த்ததனாலேயே, மிகையாகச் சொன்னவரை மறுக்க அளவுகள் கையிலிருந்தன.

அதற்கு இரண்டு ஆண்டுக்குப் பின், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் காலை, சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியது. ஆழிப்பேரலை சோழமண்டலக் கரையை வந்தடைய இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. நடுக்கத்தைப் பல தேசத்துக் கருவிகள் உடனே பதிவு செய்தன. ஆயினும் இந்துமாக் கடலைச் சூழ்ந்த தேசங்களுக்குள் செய்தியை ஒருவர்க்கொருவர் அறிவிக்கும் ஏற்பாடு இல்லை. பசிபிக்குக் கடலில் அவ்வேற்பாடு 1960களிலேயே உண்டு. இரண்டு மணி நேரம் என்பது கரையோரத்துக் குப்பத்தார் எழுந்து மேட்டுக்கு நடந்து செல்லப் போதிய நேரம். அவ்விரண்டு மணி நேரமும் வீணாயிற்று. 2007 இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் தொடங்கிற்று. 2011 முதல் இந்தியா, ஆஸ்திரேலியா, இந்தோனேசியா என்னும் மூன்று தேசங்களும் யுனெஸ்கோ ஏற்பாட்டின்கீழ் இக்கடலைச் சூழ்ந்த தேசங்களுக்கு எச்சரிக்கை வழங்குகின்றன.

மாணவர் செய்யத்தக்கது ஒன்றைச் சொல்லி அமைகின்றேன். 2019 இல் தனி மாவட்டமான செங்கற்பட்டில் கல்லூரிகள் பல உள்ளன. கரை அரிப்பைப்பற்றி ஆண்டுதோறும் கட்டுரை எழுதும் மாணவரும் பலர். ஒருவர் நீரேற்றத்தின் உச்சக்கோட்டைக் கரை என்கின்றார். ஒருவர் ஈரமணலின் எல்லையைக் கரை என்கின்றார். இன்னொருவர் அடப்பங்கொடி படர்ந்த விளிம்பைக் கரை என்கின்றார். இக்கோடுகளுக்கிடையே பல மீட்டர் வேறுபாடு உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் மணல் வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவகாலத்தில் தெற்கு நோக்கியும் நகர்வதால், சித்திரையில் அளந்த கரையை மார்கழியில் அளந்த கரையோடு ஒப்பிடுவதும் பொருந்தாது. ஆகவே அளப்பதற்கு முன்னர்க் கல்லூரிகள் ஒருநாள் கூடி, எக்கோடு கரை, எம்மாதம் அளவு, எப்பாறையிலிருந்து எண்ணுவது என்னும் மூன்றையும் முடிவு செய்துகொள்ளட்டும். கோவளத்தை ஒரு கல்லூரியும், மாமல்லபுரத்தை ஒரு கல்லூரியும், சதுரங்கப்பட்டினத்தை ஒரு கல்லூரியும் ஏற்று, ஆண்டுக்கு இருமுறை ஒரே நாளில் அளக்கலாம். செலவு, ஓர் அளவுநாடாவும் பேருந்துக் கட்டணமும்.